உள்ளே போன எழுபது பேர்

வாசல் நிலைக்கு மேல் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. இரண்டு பேர் அதைத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்டூல் மேல், இன்னொருவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. கீழே உதிர்ந்த சுண்ணாம்பை எங்கள் தூய்மைப் பணியாளர் அலமேலு கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டி முறத்தில் அள்ளி வெளியே போவாள், கொட்டிவிட்டு உள்ளே வருவாள், மறுபடி போவாள்.

"அக்கா, செத்த ஒரே இடத்துல நில்லுங்க. பெட்டி ஆள் எண்ணுது, நீங்க ஒருத்தரே பதினாலு பேரா ஆயிட்டீங்க" என்றார் ஸ்டூலில் நின்றவர்.

அலமேலு நிமிர்ந்து பார்த்தாள். "பதினாலு பேரு வேலைய நான் ஒருத்திதானே பாக்கறேன். ஒரு மெஷினுக்காச்சும் தெரிஞ்சுதே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் மாலை வரைக்கும் சிரிப்பு இருந்தது. நூலகத்தைப் பூட்டும் நேரத்தில் அந்தப் பெட்டிக்கான திரையைப் பார்த்தேன். உள்ளே வந்தவர்கள் முப்பத்தெட்டு. பக்கத்தில் திறந்து கிடந்த வருகைப் பதிவேட்டில் கடைசி வரிசை எண் நூற்றுப் பன்னிரண்டு. சிரிப்பு நின்றுவிட்டது.

நான் வேலை பார்த்த கடைசி நூலகம் அது. ஸ்ரீரங்கத்தில் எந்த வீதி என்று கேட்காதீர்கள், ஏழு பிராகாரத்துக்குள் ஏதோ ஒன்று. ஓய்வு பெற்றுவிட்டேன்தான். இருந்தாலும் பென்ஷன் வாங்குகிறவளுக்கு வாய் கொஞ்சம் அடங்கி இருக்க வேண்டும். அந்த அடக்கம் உனக்கு எப்போது வரும் என்று, இந்தத் தொடரைப் படிக்கும் பழைய சகாக்கள் போனில் கேட்கிறார்கள்.

வராதவர்களுக்காக எழுதுவோம்

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளை நூலகத்துக்குத் தினம் நூறு வாசகராவது வர வேண்டும் என்று மேலிடத்துக்கு ஓர் ஆசை. எழுத்தில் எங்கும் கிடையாது. ஆனால் மாத அறிக்கையில் எண் இறங்கினால், "என்ன மேடம், ஜனங்கள ஈர்க்க மாட்டேங்கறீங்களே" என்று போன் வரும். ஈர்ப்பதற்கு நான் என்ன காந்தமா?

வாசலில் ஒரு நீள நோட்டு இருக்கும். வரிசை எண், பெயர், நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டம். வருகிறவர்கள் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். வராதவர்களுக்காக நாங்கள் எழுதுவோம்.

இந்தத் திருப்பணி எனக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே வந்து சேர்ந்தது. மணப்பாறைப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகம். மாற்றலாகிப் போனவர் சாவிக்கொத்தோடு நாலு பேனாவையும் மேஜையில் வைத்தார். எதுக்கு சார் நாலு என்றேன். "நாலு விதமான மனுஷங்க வருவாங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகை கையில் கிடைத்தால் போதும். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், சுற்றமும் நட்பும் என்று ஒரு நாள் கூட்டம் தயார். மாட்டுச் சந்தை கூடும் நாளில் அந்த ஊரில் ஈ காக்கை இருக்காது, எல்லாரும் மணப்பாறைக்குப் போய்விடுவார்கள். என் பதிவேட்டில் வாசகர் வருகை உச்சத்தைத் தொட்டது அந்த நாட்களில்தான். தொந்தரவு செய்ய ஆளில்லாமல் நிம்மதியாக உட்கார்ந்து எழுத முடிந்ததே!

வெட்கமாக இல்லையா என்றால், அன்றைக்கு இல்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் என்பது நூலகத் துறை.

ஸ்ரீரங்கம் வந்தபோது நான் கைதேர்ந்துவிட்டேன். விரித்த இரண்டு பக்கத்திலும் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு வரி, நானே அடிஸ்கேல் வைத்து நெருக்கிப் போட்டது. காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை அதில் எழுபது எண்பது வரியை நிரப்பிவிடுவது. நான் வலது கை, இடது கை இரண்டாலும் எழுதுவேன். அலமேலுவுக்குத் தன் பெயர் மட்டும்தான் எழுதத் தெரிந்திருந்தது. எங்கள் புண்ணியத்தில் இன்னும் ஒன்பது பெயர் எழுதக் கற்றுக்கொண்டாள். எழுத்தறிவுக்கு நூலகம் ஆற்றிய தொண்டு என்று அதையும் அறிக்கையில் சேர்த்திருக்கலாம், விட்டுவிட்டேன்.

மிச்ச வரியில் காலையில் பேப்பர் படிக்க வருகிறவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். பன்னிரண்டு மணிக்குள் பக்கம் நிரம்பிவிடும். அடுத்த பக்கம் திருப்ப மாட்டேன். திருப்பினால் நோட்டு சீக்கிரம் தீரும்; புது நோட்டுக்கு எழுதிப் போட்டால் வர மூன்று மாதம் ஆகும். அதனால் அப்புறம் வருகிறவர்களிடம் "பரவால்ல, உள்ள போங்க" என்று கையைக் காட்டிவிடுவேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆய்வாளர் வந்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் பச்சை மையில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிவிட்டுக் காபி குடித்துப் போவார்.

கண்ணைச் சிமிட்டுங்க மாமா

அந்த வருஷம்தான் எங்கள் நூலகம் நவீனமாயிற்று. எட்டு கம்ப்யூட்டர், பார்கோடு படிக்கிற துப்பாக்கி, வாசலில் ஆள் எண்ணும் பெட்டி. 'இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம்' என்று மின்நூல்களுக்கு ஒரு பெரிய போர்டு. இருந்த இடத்திலிருந்தே படித்தால் இங்கே யார் வருவது என்று அந்தப் போர்டை எழுதியவரும் யோசிக்கவில்லை, எண்ணும் பெட்டி வாங்கியவரும் யோசிக்கவில்லை.

நான் நூலக அறிவியலில் பட்டம் வாங்கியவள். எந்தப் பாடத்துக்கு எந்த வகைப்பாட்டு எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை. கேட்டதெல்லாம் வேறு.

"மேடம், போட்டோ ஐம்பது கேபிக்குள்ள இருக்கணுமாம். கொஞ்சம் சுருக்கிக் குடுங்க."

"மேடம், ஓடிபி வந்துச்சான்னு பாருங்க."

"மேடம், பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

"என்ன பாஸ்வேர்டு வெச்சீங்க?"

"நீங்கதானே வெச்சீங்க!"

ரயில்வேயில் ஓய்வு பெற்ற வரதன் மாமா தினமும் பேப்பர் படிக்க வருபவர். எண்பதைத் தாண்டியவர், நெற்றியில் பளிச்சென்று திருமண். வருஷத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாக பென்ஷன் ஆபீசுக்கு அவர் நிரூபிக்க வேண்டும். இப்போது அதையும் போனிலேயே முகத்தைக் காட்டிச் செய்யலாம் என்று வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

"கண்ணைச் சிமிட்டுங்க மாமா. சிமிட்டச் சொல்லுது."

"சிமிட்டிண்டுதானேம்மா இருக்கேன். பொறந்ததுலேர்ந்து சிமிட்டறேன், ஒத்துக்க மாட்டேங்கறதே!"

நாலாவது தடவை அது ஒப்புக்கொண்டது. "பெருமாள் கிருபை. அடியேன் இன்னும் திருநாட்டுக்கு எழுந்தருளலைன்னு சர்க்காருக்குத் தெரிஞ்சுடுத்து" என்று போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

இதற்கெல்லாம் மாத அறிக்கையில் கட்டம் கிடையாது. இரவல் கொடுத்த புத்தகம் எத்தனை என்று கட்டம் உண்டு. உயிரோடு இருக்கிறார் என்று நிரூபித்துக் கொடுத்த பெரியவர் எத்தனை பேர் என்று இல்லை. நாள் முழுக்க நான் செய்த வேலை எதுவும் வேலையே இல்லை என்று அந்த அறிக்கை மாதாமாதம் எனக்கே எடுத்துச் சொல்லும்.

படிப்பதற்கென்றே வந்தவள் ஒருத்தி இருந்தாள். பெயர் பரிமளா. காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் சீட்டு எழுதுகிற வேலை. விடிவதற்கு முன்னால் போய், பன்னிரண்டுக்கு முடித்து, பஸ் பிடித்துப் பாலம் தாண்டி, சரியாக ஒரு மணிக்கு நுழைவாள். கறிவேப்பிலையும் சாக்கும் கலந்த ஒரு வாசனை அவளோடு வரும். ஜன்னலோரக் கடைசி மேஜை. அரசு வேலைக்கான போட்டித் தேர்வு. பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் போக வேண்டும் என்று நாலரைக்குக் கிளம்பிவிடுவாள்.

வீடு ஒரே அறை. மாமனார், மாமியார், நாள் முழுக்க டிவி. இரண்டு தடவை எழுதி, இரண்டாவது தடவை கொஞ்சத்தில் தவறவிட்டவள். "இந்த ஒரு தடவைதான், அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது" என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு உலகத்தில் படிப்பதற்கு இருந்தது தினம் மூன்றரை மணி நேரமும் எங்கள் ஜன்னலோர மேஜையும்தான்.

விளக்கம் தருக

கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். ஃபாக்டரியில் வேலை பார்த்த அப்பா, "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா" என்று பெருமையாகச் சொல்வார். அது எவ்வளவு பெரிய தொல்லை என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. கடிதம் வந்தது.

'நவீன வசதிகள் ஏற்படுத்தப்பட்ட பின்னர், தங்கள் நூலகத்தில் வாசகர் வருகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துள்ளது. எனவே இனி முற்பகல் மட்டும் நூலகம் இயங்கினால் போதுமானது எனக் கருதப்படுகிறது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தருக.'

கம்ப்யூட்டரைப் பார்த்து ஜனம் பயந்து ஓடிவிட்டதாம்! ஓர் ஆள் குறையவில்லை ஐயா. குறைந்தது பொய் மட்டும்தான். அதை எப்படி எழுதுவது? 'மதிப்பிற்குரிய ஐயா, முன்பு வந்துகொண்டிருந்த எழுபத்து நான்கு வாசகர்களும் என் இடது கையிலிருந்து வந்தவர்கள்' என்றா?

பரிமளாவிடம் சொல்லத்தானே வேண்டும். சொன்னேன்.

"மத்தியானம் பூட்டிடுவீங்களா மேடம்?"

"அப்படித்தாம்மா எழுதியிருக்காங்க."

"காலைல என்னால வர முடியாதே" என்றாள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அதே பக்கம்தான் திறந்திருந்தது.

பன்னிரண்டு சுற்று

யோசனை அலமேலுவுடையது. "நடப்போம் மேடம். அன்னிக்கு நான் ஒருத்தியே பதினாலு பேரா ஆனேன்ல?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று அப்போது தெரியவில்லை. வாசலைத் தாண்டிப் போய்ப் போய் வர ஆரம்பித்தோம். வரதன் மாமாவுக்கு விஷயம் தெரிந்ததும் அவரும் வேஷ்டியை இறுக்கிக்கொண்டார். ஆனால் நாங்கள் நடப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"போன வாசல் வழியாவே திரும்பி வரதாவது! சுத்தின்னா வரணும்? அடியேன் தெனம் பெருமாள் கோவில் உத்தர வீதி சுத்தறவன். காட்டறேன் பாருங்கோ."

காட்டினார். முன்வாசல் வழியாக உள்ளே, அலமாரிகளை வலமாகச் சுற்றி, கொல்லைக் கதவு வழியாக வெளியே, பக்கத்துச் சந்து வழியாக மறுபடி முன்வாசல். இதுதான் முறை என்று எனக்கும் பட்டது. இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டினால் வேறு எப்படித் தோன்றும்? பேப்பர் படிக்க வரும் இன்னும் மூன்று பெரியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்குப் பன்னிரண்டு சுற்று. முடித்தவருக்கு அலமேலு கையால் நீர்மோர். திரையில் எண் நூறைத் தாண்டிற்று. எனக்குக் கால்வலி போய்ச் சர்க்கரைகூடக் குறைந்தது.

பரிமளா எழுந்து வந்தாள். "நானும் நடக்கட்டுமா மேடம்?"

"நீ படிம்மா. அதுக்குத்தானே இவ்வளவும்."

"அப்ப செருப்பைக் கழட்டிட்டு நடக்கச் சொல்றீங்களா? டக்கு டக்குன்னு கேக்குது" என்றாள் தயங்கித் தயங்கி. அன்றிலிருந்து எல்லாரும் வெறுங்காலோடு நடந்தோம். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டுதல் மாதிரி இருந்திருக்கும்.

மீதிப் பேர் எங்கே?

மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம், பச்சை மை ஆய்வாளர் கையில் டேப்லெட்டோடு வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார்.

"மேடம், இங்க என்ன நடக்குது?"

"ஏன் சார்? வாசகர் வருகை நல்லா ஏறியிருக்கே."

"ஏறியிருக்கு. தினம் நூறு பேர் உள்ள போறாங்க. வெளிய வர்றது முப்பது பேர்தான். மீதி எழுபது பேர் எங்க மேடம்?"

அந்தப் பாழும் பெட்டி வெளியே போகிறவர்களையும் எண்ணும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொல்லைக் கதவில் பெட்டி கிடையாது.

"மூணு வாரத்துல ஆயிரத்துக்கு மேல ஜனங்க இந்த ஹாலுக்குள்ள அடைஞ்சு கெடக்கறதா காட்டுது. ஆபீஸ்ல ஸ்க்ரீன் முழுக்கச் செவப்பு எரியுது. கட்டடம் தாங்குமான்னு கேக்கறாங்க!"

அந்த நேரம் பார்த்து வரதன் மாமா கைகூப்பியபடி முன்வாசலில் நுழைந்தார். "ஏழாயிடுத்தும்மா, இன்னும் அஞ்சுதான்" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டி, அலமாரியைச் சுற்றி, கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டார். ஆய்வாளர் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

முழுப் பூசணிக்காயை இதற்கு மேல் எந்தச் சோற்றில் மறைப்பது? எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாசகர் யாரும் குறையல சார். எப்பவும் வந்தது முப்பத்தெட்டு பேர்தான். நோட்டுல இருந்ததெல்லாம் நான் எழுதினது. அடியில பச்சை மையில கையெழுத்துப் போட்டது நீங்க."

"மெல்லப் பேசுங்க மேடம்" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். "நானும் நூலகரா இருந்து வந்தவன்தான். என்கிட்ட ஆறு பேனா இருந்துச்சு."

அப்புறம் அவரே வழி சொன்னார். "உண்மைய எழுதினா உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. மெஷின் கோளாறுன்னு நான் எழுதிடறேன். ஆனா மத்தியானம் பூட்டற ஆர்டர நிறுத்தணும்னா ஏதாவது வேணும். மத்தியானம் தவறாம வர்ற நிஜ வாசகர் ஒரே ஒருத்தர் போதும். நோட்டுல அவங்க கையெழுத்து இருந்தா, அதை வெச்சுப் பேசிப் பாக்கறேன்."

வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. "அதோ, அந்தப் பொண்ணு சார். நாலு வருஷமா வர்றா. ஒரு நாள் தவற மாட்டா" என்று ஜன்னலோரம் கையைக் காட்டினேன்.

பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கினோம். அவர் புரட்டினார், நான் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு பேர். பெண் வீட்டார் இருந்தார்கள், பிள்ளை வீட்டார் இருந்தார்கள், செத்துப்போன என் சித்தப்பாகூட இரண்டு இடத்தில் இருந்தார். பரிமளா இல்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை.

ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டார். "ஏம்மா, வந்தா நோட்டுல கையெழுத்துப் போடறதில்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொன்னால் எனக்கு ஆபத்து வராது என்று யோசிப்பது தெரிந்தது. "நான் வர்ற நேரத்துக்குப் பக்கம் ரொம்பிடும் சார்" என்றாள். பிறகு எனக்குப் பரிந்துகொண்டு, "ஆனா மேடம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பரவால்ல, உள்ள போம்மான்னுடுவாங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது பேர் உட்காரக்கூடிய ஹாலில் அவள் ஒருத்திக்கு இடம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வரியில் ஒரு வரி அவளுக்கு இல்லாமல் நிரப்பி வைத்தவள் நான். கல்யாணப் பத்திரிகையில் இருந்தவனுக்கெல்லாம் வரி கொடுத்தேனே!

ஆய்வாளர் நோட்டை மூடினார். "வீட்லயே போன்ல படிக்கலாமேம்மா. இப்பதான் எல்லாமே இருந்த இடத்துலேர்ந்தே கெடைக்குதே."

"போனு எங்க வீட்டுக்காரர்ட்ட இருக்கு சார்" என்றாள் பரிமளா. "இருக்கற இடமும் இது ஒண்ணுதான் சார்."

அடுத்த மாதத்திலிருந்து நூலகம் எட்டு முதல் பன்னிரண்டு மட்டும் என்று வாசலில் ஒட்டினார்கள். ஆய்வாளர் சொன்ன சொல் தவறாமல் மெஷின் கோளாறு என்று எழுதிவிட்டார். அதனால் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக, இன்னும் உசத்தியான மெஷின் ஒன்றை மாட்டினார்கள்.

நான் உண்மையை எழுதினேனா என்று கேட்பீர்கள். இல்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது, பயந்தேன். இன்றைக்கு வாரப் பத்திரிகையில் ஊரறிய எழுதுகிற தைரியம், அன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளில் எழுத வரவில்லை.

பொறுப்பு ஒப்படைப்பு

பன்னிரண்டு மணிக்கு முன்வாசலைப் பூட்டுவேன். கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிடுவேன். ஒரு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பேன். பரிமளா சந்து வழியாக வந்து ஜன்னலோரம் உட்காருவாள். புது மெஷினும் முன்வாசலில்தான் இருந்தது. மதியம் முழுக்க அது பூஜ்யம் என்று சத்தியமாக ஆபீசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த எட்டு மாதம் நான் செய்த ஒரே உருப்படியான நூலக வேலை அதுதான்.

தேர்வு தள்ளிக்கொண்டே போயிற்று. நான் ஓய்வு பெற்ற அன்று அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

எனக்குப் பதிலாக வந்தவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கம்ப்யூட்டரில் புலி. ஆனால் பொறுப்பு ஒப்படைப்பு மட்டும் இன்னமும் பேனாவும் நோட்டும்தான். புத்தகம் இத்தனை, நாற்காலி இத்தனை, மின்விசிறி இத்தனை, கம்ப்யூட்டர் எட்டு, அதில் ஓடுவது மூன்று, எண்ணும் கருவி ஒன்று. எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டார்.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?"

"ஒண்ணு இருக்கு" என்றேன். "மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு பொண்ணு கொல்லைக் கதவைத் தட்டும். பேரு பரிமளா. தெறந்து விடுங்க. நாலரைக்கு அதுவா போயிடும். இன்னும் ரெண்டே மாசம்தான், பரீட்சை இருக்கு."

அவர் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். முன்வாசல் மெஷினைப் பார்த்தார். முடியாது என்று சொல்லட்டும், உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று நான் புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றேன்.

"சரி மேடம், தெறந்து விடறேன்" என்றார். "இதை எந்த நோட்டுல எழுதணும்?"

"எதுலயும் எழுதாதீங்க."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.